குணசேகரனின் வெள்ளைக் கோடு

இந்தக் கட்டுரையை எழுத முதலில் என்னைக் கேட்கவில்லை. குணசேகரனைத்தான் கேட்டார்கள். எங்கள் பஸ் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘வேலையில் தனிமனிதப் பொறுப்பு’ என்று தலைப்பு வைத்து, ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் எழுதவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மெக்கானிக் என்றால் குணா. பொறுப்பு என்றாலும் குணா. அவனுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, ஒரு மாதம் எழுதப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சங்கச் செயலாளர் கவிதா எனக்குப் போன் செய்தார்.

“அங்கிள், நீங்க எழுதிக் குடுங்க லா. உங்க தமிழ் நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. எதைப் பற்றி எழுதவேண்டும் என்று கேட்டேன்.

“அதான், குணா அங்கிள் போன மாசம் பேசினாங்களே, சக்கரம் கழண்ட கதை. அதை அவங்க சொன்ன மாதிரியே எழுதிடுங்க. போதும்.”

அதாவது கதை அவனுடையது, கை மட்டும் என்னுடையது. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். 

என் பெயர் லெட்சுமணன். அறுபத்தொன்பது வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அங்கே புந்தோங்கில் ஒரு லாரிப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் பஸ் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். குணா எனக்கு நான்கு வருஷம் கழித்து வந்தான். வந்த முதல் நாள் அவனுக்கு ஜாக்கியை எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுத்தவன் நான். இதை அவன் எந்த மேடையிலும் மறக்காமல் சொல்வான். அப்படிச் சொல்வதற்கும் அவனுக்குத்தான் நல்ல பெயர்.

இப்போது வொர்க்‌ஷாப்பில் எல்லாம் டேப்லட்டில் நடக்கிறது. யார் எந்த பஸ்ஸில் கை வைத்தாலும் விரல் ரேகை வைக்கவேண்டும். எங்கள் காலத்தில் அதற்குப் பதிலாகப் பெயின்ட் இருந்தது. ஃபோர்மேன் லியோங் கண்டுபிடித்த முறை அது. ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு சின்ன டின் பெயின்ட், ஒரு மெல்லிய பிரஷ். எனக்கு மஞ்சள். குணாவுக்கு வெள்ளை. மற்ற இருவருக்கும் சிவப்பும் நீலமும். சக்கரம் மாட்டி நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து ரிம் வரைக்கும் ஒரு கோடு இழுக்கவேண்டும். ஓடும்போது நட்டு தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். வழியில் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் ஒரு பார்வை பார்த்தால் போதும். யார் முறுக்கிய நட்டு என்று நிறமே சொல்லிவிடும்.

முறுக்குவதற்கும் லியோங் முறை வைத்திருந்தார். பழைய சக்கரத்தைக் கழற்றியதும், மாற்றுச் சக்கரம் உட்கார்கிற முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும். மண்ணோ துருவோ இருந்தால் அப்போதைக்கு இறுகின மாதிரி இருக்கும், ஓட ஓட அது பொடிந்து நட்டு தளர்ந்துவிடும். பிறகு பத்து நட்டையும் எதிரும் புதிருமாகக் கையால் திருகி, முதல் சுற்று முறுக்கி, ஜாக்கியை இறக்கி, நீளக் கம்பி போட்டு இரண்டாம் சுற்று. அதற்குப் பிறகுதான் பெயின்ட் டின்னைத் திறக்கலாம்.

லியோங் ஒல்லியான ஆள். வெள்ளை பனியன், காக்கிக் கால்சட்டை. பிடியில் பழைய டியூப் ரப்பர் சுற்றிய ஒரு சின்னச் சுத்தியல் எப்போதும் கையில் இருக்கும். பஸ் கிளம்பும் முன் குந்தி உட்கார்ந்து நட்டைத் தட்டுவார். இறுகின நட்டு கிணுகிணுவென்று சொல்லும், தளர்ந்தது மொத்தையாகப் பேசும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் சுத்தியலால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, மலாயில் ஒரே கேள்வி: “சியாப்பா பூஞா?” இது யாருடையது என்று அர்த்தம். நாங்கள் சாக்கு சொல்வோம். நட்டு பழசு, கம்பி வழுக்கியது, டிரைவர் அவசரப்படுத்தினான். அவர் ஒன்றும் பேசமாட்டார். குந்தியபடியே இருப்பார். “சாயா பூஞா”, என்னுடையது, என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். சொல்லிவிட்டால் முடிந்தது. கழற்றி மறுபடி மாட்டு என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார். பதினெட்டு வருஷத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

எனக்கு வயிறு எரிந்தது வேறொரு விஷயத்துக்கு. மஞ்சள் கோடு போட்ட சக்கரம் என்றால் பத்து நட்டையும் தட்டுவார். வெள்ளைக் கோடு என்றால் இரண்டு. மேலே இரண்டு தட்டிவிட்டு எழுந்துவிடுவார். ஆரம்பத்தில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நின்று, ஏதோ வேலை பார்க்கிற மாதிரி, காதால் எண்ணுவேன். எனக்குப் பத்து, அவனுக்கு இரண்டு. வருஷக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். ஒரு மனுஷனுக்கு இதுவா பொழுதுபோக்கு என்று நீங்கள் கேட்கலாம். பொறாமை பிடித்தவனுக்கு அதுதான் முழுநேர வேலை, மெக்கானிக் வேலை அப்புறம்தான்.

குணா என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை. இன்றைக்கும் சொல்வேன். என் கை வேகம் அவனுக்கு வராது. ஆனால் அவன் சாக்கு சொல்லமாட்டான். லியோங் கேள்வியை முடிக்கும் முன்பே “சாயா பூஞா பாஸ்” என்று ஓடி வந்து நிற்பான். சிரித்துக்கொண்டே கழற்றுவான். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. தெலுக் இந்தான் போகும் ஒன்பது மணி பஸ்ஸுக்குப் பின்பக்க இடது சக்கரம் பஞ்சர். அன்று காலை குணா ஏற்கெனவே மூன்று பஸ்களுக்குச் சக்கரம் மாட்டிவிட்டு, கமுந்திங்கில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்க வேனில் கிளம்பிவிட்டான். குணா அப்போதே கிளம்பிவிட்டதைக் கவனிக்காத லியோங் ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்து, யாராவது சீக்கிரம் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் போனேன். கால் மணி நேரம்தான் இருந்தது. முந்தின நாள் மழை. சக்கரம் உட்காரும் முகத்தில் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. கம்பி பிரஷ் எடுக்கவில்லை, கையால் துடைத்துவிட்டு மாட்டினேன். இரண்டாம் சுற்றில் ஆறு நட்டு முறுக்கியிருப்பேன். யார் மாட்டுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் டிரைவர் ஹாரன் அடித்தான். கீழே இருந்த நாலும் இறுகித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பெயின்ட் டின்னைத் திறந்தால் மஞ்சள் கட்டிதட்டிக் கிடந்தது. முந்தின நாள் நான் மூடியைச் சரியாக அழுத்தவில்லை. குணாவின் சாமான் தட்டில் அவனுடைய வெள்ளை டின் இருந்தது. எடுத்தேன்.

வேறு வழியில்லாமல் எடுத்தேன் என்று முப்பது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஸ்டோரில் மஞ்சள் இருந்தது. போய்க் கேட்க இரண்டு நிமிஷம் ஆகும். அந்த டின்னைக் கையில் எடுத்தபோது என் மனதில் ஓடியது இதுதான்: வெள்ளை போட்டால் கிழவன் இரண்டுதான் தட்டுவான்.

லியோங் வந்தார். குந்தினார். மேலே இரண்டு தட்டினார். கிணுகிணு. எழுந்து பஸ்ஸைத் தட்டி அனுப்பிவிட்டார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் சக்கரத்துக்கும் இரண்டு தட்டு கிடைத்துவிட்டது.

பீடோர் தாண்டித் தெலுக் இந்தான் சாலையில் சக்கரம் கழன்றது. பஸ் சாயாமல் டிரைவர் ஓரம் கட்டிவிட்டான், பயணிகளுக்கு ஒன்றும் இல்லை. கழன்ற சக்கரம் மட்டும் தானாக உருண்டு, சாலையோரம் கொய்யா விற்றுக்கொண்டிருந்த அஞ்சலை என்ற அம்மாவின் கடைக்குள் புகுந்தது. மேசை உடைந்து வலது கையில் விழுந்தது. மூன்று இடத்தில் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கையால் அவரால் கத்தி பிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ரிம்மை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து தரையில் போட்டார்கள். நட்டெல்லாம் வழியிலேயே போய்விட்டன. ரிம்மில் பாதிக் கோடுகள் பத்து, எல்லாம் வெள்ளை. கம்பெனி மானேஜர் நின்றார், போலீஸ்காரர் ஒருவர் நின்றார், நாங்கள் நாலு மெக்கானிக்கும் வரிசையில் நின்றோம். லியோங் வழக்கம்போலக் குந்தினார். சுத்தியலால் ஒரு கோட்டைத் தொட்டார்.

“சியாப்பா பூஞா?”

 சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்ததும் உண்மை. அதற்குள் பக்கத்தில் குணாவின் குரல் கேட்டது.

“சாயா பூஞா பாஸ்.”

அந்த பஸ்ஸை அவன் மாட்டவே இல்லை. எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்றுதான் அன்று நினைத்தேன். நல்ல பெயர் எடுக்கத் தியாகி வேஷம் போடுகிறான் என்று நினைத்தேன். லியோங் எழுந்து மானேஜரைப் பார்த்து, “நானும் இரண்டுதான் தட்டினேன். மற்ற எட்டு என்னுடையது” என்றார். இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். செய்தவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

குணாவை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த ஒரு மாதமும் அவன் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். அதற்குப் பிறகும் விடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு அந்த அம்மாவின் கடைக்குப் போய்க் கூரை கட்டுவது, மேசை செய்து கொடுப்பது, மகளுக்குப் பள்ளிக்கூட விண்ணப்ப பாரம் நிரப்புவது. திங்கட்கிழமை ஒரு பை கொய்யாவோடு வருவான். “அஞ்சலையக்கா குடுத்தாங்க, எடுத்துக்குங்கண்ணே” என்று முதலில் என்னிடம்தான் நீட்டுவான். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி நான் எடுக்கமாட்டேன். எனக்குச் சர்க்கரை வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

அடுத்த வருஷம் லியோங் ஓய்வு பெற்றார். வயதிலும் அனுபவத்திலும் அடுத்து நான்தான். அவர் கைகாட்டியது குணாவை. காரணம் கேட்க அவர் வீட்டுக்கே போனேன். “உன் கை நல்ல கை. ஆனால் அவன் பதில் சொல்கிற ஆள்” என்றார். பத்தொன்பது வருஷம் குணாவின் கீழ் வேலை பார்த்தேன். ஃபோர்மேன் ஆனதும் எல்லாச் சக்கரத்திலும் பத்து நட்டையும் தட்டினான். அவனுடையதிலும் பத்து. யாருக்கும் இரண்டு கிடையாது.

எனக்கு எரிந்தது பதவிக்காக மட்டும் இல்லை. என் தப்பு அது. நான் சொல்லியிருந்தால் அந்த மரியாதை எனக்கு வந்திருக்கும். என் தப்பையும் அவனே எடுத்துக்கொண்டு பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கேவலமான கணக்கு என்று எழுதும்போது தெரிகிறது. அப்போது நியாயமாகத்தான் பட்டது.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் குணா அந்தக் கதையைச் சொன்னான். “நான் மாட்டுன சக்கரம், நான் போட்ட கோடு, ஒரு அம்மா கை போச்சு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான். இளம் மெக்கானிக்குகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் தெரிந்துவிடும். அதைத்தான் அவன் சொன்ன மாதிரியே எழுதச் சொன்னார் கவிதா. காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். ‘குணசேகரன் அந்தச் சக்கரத்தை மாட்டினார்’ என்ற வரியை என் கையால் எழுத முடியவில்லை. மூன்று நாள் முயன்றேன். நாலாம் நாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“லெட்சு அண்ணனா? வாங்க வாங்க. கட்டுரை முடிஞ்சுச்சா?”

“குணா, அந்த தெலுக் இந்தான் பஸ் நீ மாட்டல.”

“என்னண்ணே?”

“நான் மாட்டினேன். உன் பெயின்ட்ட எடுத்துப் போட்டேன். உனக்குத் தெரியும்ல?”

 கண்ணாடியைக் கழற்றினான். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“தெரியாதுண்ணே” என்றான். “அன்னைக்கு காலைல மூணு பஸ் மாட்டினேன். எது எதுன்னு ஞாபகம் இல்ல. வெள்ளைக் கோட்டைப் பாத்தேன். என் கோடுன்னா நான்தானே. வேற யாரு?”

“சந்தேகமே வரலையா?”

“வந்துச்சு. நாமதான் தப்பிக்கப் பாக்குறோம்னு நெனச்சேன்.”

 தியாகி வேஷம் இல்லை. அவன் உண்மையாகவே நம்பியிருக்கிறான். முப்பது வருஷம் அந்தக் கையைத் தன் கையால் முறித்ததாக நினைத்து வாழ்ந்திருக்கிறான். நான் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ அதைச் சுமந்துகொண்டுதான் அவன் நடந்திருக்கிறான்.

“பல ராத்திரி தூங்குனதில்லண்ணே” என்றான். குரல் கோபமாகத்தான் இருந்தது. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே அன்றுதான். “என் சம்சாரத்தக் கேளுங்க. அந்தக் கம்பி பிரஷ்ஷ எடுத்தேனா இல்லையான்னு படுக்கைல உக்காந்து யோசிச்சிக்கிட்டே இருப்பேன்.”

“எடுக்கல. நான் எடுக்கல.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவன் கேட்டான். “அஞ்சலையக்கா கண்ண மூடுறதுக்கு முன்னாடி அவங்க கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டுக்கிட்டேன். விடுய்யா, அது அப்பவே போச்சுன்னாங்க. நீங்க யார்கிட்ட கேப்பீங்கண்ணே?”

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பொறாமை அதுவரை வந்த எல்லாவற்றையும் விடப் பெரிது. செய்யாத தப்புக்கு அவன் மன்னிப்பு வாங்கி முடித்துவிட்டான். செய்தவனுக்குக் கேட்க ஆள் இல்லை.

மறுநாள் தெலுக் இந்தான் பஸ் ஏறினேன். பீடோர் தாண்டி இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். கடை அதே இடத்தில் இருக்கிறது. அஞ்சலையின் மகள் மகேஸ்வரி, நாற்பது வயது இருக்கும், கொய்யா வெட்டிக்கொண்டிருந்தாள். மேசையைப் பார்த்ததும் குணாவின் ஆணி வேலை என்று தெரிந்தது. எல்லாத் திருகாணியிலும் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு.

குணாவின் கூட்டாளி என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டாள். “மாமாக்குக் கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மண், நாலு நட்டு, வெள்ளை டின், எதற்காக வெள்ளை என்பது வரைக்கும். பாதியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வந்து இரண்டு பாக்கெட் வாங்கிப் போனார். அவர் போகும் வரை காத்திருந்து மிச்சத்தையும் சொன்னேன்.

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

“குணா மாமாக்கு இது தெரியுமா?”

“நேத்துதான் சொன்னேன்.”

“நேத்துதானா?”

“ஆமா.”

“அம்மா கடைசி வரைக்கும் அவருக்காகச் சாமி கும்பிட்டாங்க. பாவம், அந்தப் பையன் மனசு ஆறணும்னு.” ரோட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நான் என்ன சொல்லணும்னு வந்தீங்க அங்கிள்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அவள் நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு பை நிறையப் போட்டுக் கட்டினாள். என் கையில் கொடுத்தாள். “இதக் குணா மாமாகிட்ட குடுத்துடுங்க. இன்னைக்கே குடுத்துடுங்க” என்றாள். பிறகு அடுத்த கொய்யாவை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

ஈப்போ வரைக்கும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் முழுவதும் கொய்யா வாசனை. எனக்கென்று அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. குணாவின் வீட்டு வாசலில் பையை நீட்டினேன். அவன் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே கையை விட்டு ஒன்றை எடுத்தான். பழைய திங்கட்கிழமைகளில் நீட்டுவது போல என் பக்கம் நீட்டுவான் என்று நான் கையைத் தூக்கிவிட்டேன். அவன் சட்டையில் துடைத்து, கடித்து, மெல்ல ஆரம்பித்தான். தூக்கின கையைக் கீழே போட்டுக்கொண்டு, அவன் தின்று முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.